கை மட்டும் போதும் என்றார்கள்

கோலாலம்பூர்
3.2.1985

அன்புள்ள அமராவதிக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. செய்தி நல்ல செய்திதான்.

நான் இங்கே ஒரு படக் கம்பெனியில் மூன்றாவது உதவி டைரக்டர். பெயரைக் கேட்டு மயங்கிவிடாதே. நாற்காலி தூக்குவது, நடிகர்களை நேரத்துக்குக் கூட்டி வருவது, மழை பெய்தால் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் வேலை. இப்போது கம்பெனி ஒரு மலாய்ப் படம் எடுக்கிறது. ரப்பர் தோட்டத்துக் கதை. கதாநாயகி யார் தெரியுமா? ஒரு தமிழ்ப் பெண். புருஷனை இழந்து, பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்ப்பவள்; வேலை வாங்குகிற மண்டோரை எதிர்த்து வாய் திறப்பவள். இங்கே எடுக்கிற படங்களில் நம் ஆட்களை நீயும் பார்த்திருக்கிறாய். ஒரு குடிகாரன், ஒரு வட்டிக்காரன், தலையை ஆட்டி ஆட்டிப் பேசிச் சிரிப்புக் காட்டுகிற ஒருவன். எனக்குத் தெரிந்து நம்மில் ஒருத்தி முழு மனுஷியாக வருவது இதுதான் முதல் தடவை.

டைரக்டர் என்சிக் ஜாலில், உண்மையாகவே பால் வெட்டுகிற பெண்தான் வேண்டும் என்கிறார். கேட்டதும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு நான் எழுதிய நாடகத்தில் நீ அழுததைப் பார்த்து, ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மனைவி முந்தானையில் மூக்கைச் சிந்தினாரே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பதினேழாம் தேதி நம் தோட்டத்துக்கே வருகிறோம். பழைய ஆபீஸ் கட்டடத்தில் டெஸ்ட். ஒன்றே ஒன்று: வருகிறவர்கள் முன்னால் வீட்டுக் கதை, லயத்துக் கதை எதுவும் வேண்டாம். வேலை இடம் பார்.

அம்மாவிடம் நான் வருவதைச் சொல்லிவிடு. செல்லன் அண்ணனுக்கு வணக்கம்.

காப்ரியல்

*

கெர்லிங்
9.2.1985

காப்ரியலுக்கு,

கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் செல்லன்தான் தபாலை வாங்கி வந்தார். லயத்து வாசலிலேயே பிரித்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி படித்துவிட்டார். இப்போது விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் மண்டோர் அழகேசன் என்னைப் பார்த்து, "ஸ்டாரு வந்தாச்சா, மர நெரைக்குக் கெளம்பலாமா?" என்கிறார். டெஸ்ட் நடக்கும் முன்பே தோட்டத்தில் என் மானம் போய்விடும் போலிருக்கிறது.

எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்போடு நிறுத்தி வெட்டுக்கத்தியைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் திருவிழா மேடையில் நின்ற மூன்று இரவும்தான் நான் ஏதோ ஒரு ஆள் என்று எனக்கே தோன்றியது. கல்யாணத்துக்குப் பிறகு அதையும் விட்டேன். இப்போது முப்பத்திரண்டு வயதில் நீ வந்து கூப்பிடுகிறாய். நேற்று மரத்தில் கோடு போட்டுக்கொண்டே மண்டோரைத் திட்டுகிற மாதிரி பேசிப் பார்த்தேன். பக்கத்து நிரை வேலம்மா ஓடி வந்து, "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மலாய் எனக்கு நன்றாகவே வரும், கவலைப்படாதே. கெர்லிங் சந்தையில் பத்து வருடமாகக் கீரை விற்கிறேன்.

மகன் வருகிறான் என்று அத்தையிடம் சொன்னேன். உனக்கு மீன் குழம்பு வைக்க வேண்டும் என்று, நல்ல மீன் வாங்கி வர இப்போதே ஆள் தேடுகிறார்கள்.

அமராவதி

*

கோலாலம்பூர்
24.2.1985

அமராவதிக்கு,

இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்த வேடம் உனக்கு இல்லை. கம்பெனியில் முடிவு செய்துவிட்டார்கள். மலாய்ப் படங்களில் பெயர் வாங்கிய நடிகை ஒருவர் நடிக்கிறார். நல்ல சிவப்பு. முகத்துக்குக் கருப்புப் பூசி நடிக்க வைப்பார்களாம். நீ நன்றாகத்தான் செய்தாய், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் உன் நிறம் கேமராவில் எடுக்காது, முகம் விழாது என்கிறார்கள். இவர்களுக்குத் தமிழச்சி கதை வேண்டும், தமிழச்சி வேண்டாம். நாம் என்ன செய்ய முடியும்? இவர்கள் கையில்தானே எல்லாம் இருக்கிறது.

ஆனால் ஒரு வேலை கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நடிகைக்குப் பால் வெட்டத் தெரியாது. மரத்தில் கோடு போடுவது, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை மாட்டுவது, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பது, இதையெல்லாம் கிட்டத்தில் காட்ட வேண்டும். அதற்கு உன் கை வேண்டும். கை மட்டும் போதும் என்கிறார்கள். ஏப்ரலில் பத்து நாள் வேலை. நல்ல சம்பளம். மறுக்காதே.

அன்று சாப்பிடாமல் கிளம்பியதற்கு அம்மாவிடம் மன்னிப்புச் சொல். வேன் காத்திருந்தது.

காப்ரியல்

*

கெர்லிங்
2.5.1985

காப்ரியலுக்கு,

பத்து நாளும் நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் காலையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், பக்கத்தில் நீதான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இருந்தாலும் சொல்கிறேன். மேக்கப் போடுகிற பெண் என் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னாள். என் முன்கையை அந்த நடிகையின் கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டி வைக்கச் சொன்னாள். பிறகு ஒரு தட்டில் மாவைக் குழைத்துக் குழைத்து, என் கையைப் பார்ப்பதும் அந்த அம்மாவின் கன்னத்தில் பூசுவதும், போதாது என்று இன்னும் கொஞ்சம் கருப்பைச் சேர்ப்பதும். அரை மணி நேரம் இப்படியே நின்றேன். துணிக்கடையில் ரவிக்கைத் துணிக்கு நூல் பார்க்கிற மாதிரி. பத்து நாளும் தினம் காலையில் இதே வேலை. அந்த நடிகைக்கே பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் என் விரலைப் பிடித்து மெதுவாக மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டார், நீ கேட்கவில்லை.

கடைசி நாள் நடந்ததும் உனக்குத் தெரியும். உன் பிப்ரவரிக் கடிதத்தையும் செல்லன் லயத்தில் படித்துவிட்டார். கருப்பு என்று சொல்லி நம்ம ஊர்ப் பெண்ணைத் தள்ளிவிட்டார்கள் என்று இளவட்டங்கள் கொதித்துக்கொண்டே இருந்தார்கள். கம்பெனி லோரி கிளம்பும்போது கல் பறந்தது. டிரைவர் பாக் ஹசானுக்கு நெற்றியில் ஐந்து தையல், இடது கண்ணிலும் அடி என்று கேள்வி. பத்து நாளும் எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்து வைத்த மனிதர் அவர்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். என் நிறம் ஆகாது என்று சொன்னது யார்? டைரக்டரா?

அமராவதி

*

கோலாலம்பூர்
11.5.1985

அமராவதிக்கு,

யார் என்று தனியாக ஒருவரைச் சொல்ல முடியாது. ஆபீசில் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. டைரக்டரும் இருந்தார். அவர்கள் உலகமே அப்படித்தான் லா. இதைக் கிளறிக்கொண்டிருக்காதே.

பாக் ஹசானைக் கம்பெனி கவனித்துக்கொள்ளும். இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அடிக்கடி எழுத முடியாது.

காப்ரியல்

*

கெர்லிங்
16.2.1986

காப்ரியலுக்கு,

படம் கோலா குபு பாருவில் ஓடியது. தோட்டமே பஸ் பிடித்துப் போனது. திரையில் என் கை வந்தபோதெல்லாம் நம் வரிசை முழுக்க விசில். அடுத்த நொடி அந்த நடிகையின் முகம் வரும், எல்லாரும் அடங்கிவிடுவார்கள். உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பத்திரிகையில் உன் படமும் பேட்டியும் வந்திருக்கிறது. தொலைக்காட்சிக்கு நீ ஒரு தமிழ் நாடகம் இயக்கப் போகிறாய், சந்தோஷம். ஆனால் இப்படிச் சொல்லியிருக்கிறாய்: "கருப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணை ஒதுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். அன்று பட்ட காயம்தான் என்னை இயக்குநராக்கியது."

இதைப் படித்த பிறகும் சும்மா இருந்தால் நான் மனுஷி இல்லை.

டெஸ்ட் அன்றைக்கு, நடித்துக் காட்டிவிட்டு வேலைச் சட்டையை மாற்றப் பின்னால் இருக்கிற ஸ்டோர் அறைக்குப் போனேன். நடுவில் பலகைச் சுவர்தான். என்சிக் ஜாலில் சொன்னதைக் கேட்டேன். "இந்தப் பொண்ணுதான். வேற யாரையும் தேட வேணாம், முகத்துல உயிர் இருக்கு" என்றார் மலாயில். நீ உடனே பதில் சொன்னாய். "வேணாம் பாஸ். ரொம்பக் கருப்பு, கேமரால முகமே தெரியாது. படிக்காதவ, சந்தை மலாய்தான் வரும். என் ஆளுங்கள எனக்குத் தெரியும், நடுவுல விட்டுட்டுப் போயிடுவா." அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் வேண்டாம் என்றாய். நீ தமிழன், உனக்குத் தெரியும் என்று அவர் விட்டுவிட்டார்.

போன மே மாதம் யார் என்று உன்னைக் கேட்டேனே, அது தெரியாமல் கேட்டது இல்லை. நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன்.

ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பாய். ஒன்று, உன் அம்மா. என் மகன் சினிமாவில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டுதான் அவர்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். இன்னொன்றைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ சொன்னதை நான் நம்பிவிட்டேன். கூடப் படித்தவனே சொல்கிறான், அப்போது உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நாலு மாதம் கண்ணாடி பார்க்கவில்லை.

அப்படி வாயை மூடியதில் நானும் கெட்டேன். பையன்கள் கல்லைப் பொறுக்கும்போது வாசலில் நான் நின்றேன். என்னைத் தள்ளியது அவர்கள் இல்லை, நம்ம காப்ரியல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. போன வருடம் ஜூனில் பஸ் மாறி மாறிக் கோலா சிலாங்கூருக்குப் போய், பாக் ஹசான் வீட்டைக் கண்டுபிடித்தேன். இடது கண்ணில் பார்வை பாதிதான். லோரி ஓட்டக் கூடாது என்றுவிட்டார்களாம், மார்க்கெட்டில் கருவாடு விற்கிறார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் உண்மையைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மட்டும் எழுது.

அமராவதி

*

கோலாலம்பூர்
1.3.1986

அமராவதி,

இரண்டு வாரமாக உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். நீ எழுதியது எல்லாம் உண்மை, ஒரு எழுத்துக்கூட மாற்றம் இல்லை.

காரணம் சொன்னால் சிரிப்பாய், அல்லது காறித் துப்புவாய். இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். தோட்டத்தில் பெரிய கிராணி என்று சொல்லிவிட்டேன். கக்கூஸ் வாளி தூக்கியவர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு வருடமாக அந்தப் பொய்யிலேயே சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். டெஸ்ட் அன்றைக்கு நீ பால் வெட்டி முடித்து, வேலைச் சட்டையோடு, பால் வாடையோடு சிரித்துக்கொண்டே வந்தாய். எல்லார் முன்னாலும், "அத்தை மீன் கொழம்பு வச்சிருக்காங்க, சாப்பிட வராம போயிடாத" என்றாய். என்சிக் ஜாலில் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பெண்ணோடு மூன்று மாதம் வேலை செய்தால் என் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நடுங்கிப் போனேன். நடுக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர்கள் சொல்வார்கள் என்று நாம் எப்போதும் பயப்படுவதை எல்லாம் நானே சொல்லிவிட்டேன். பிறகு அதைத் தூக்கி அவர்கள் தலையில் வைத்தது சுலபமாக இருந்தது. யாரும் நம்பாமல் இருக்கவில்லை. மற்ற இடங்களில் நடப்பதுதானே.

பேட்டியில் அதைச் சொன்னபோது எனக்கே அது நடந்தது என்று நானே நம்பிச் சொன்னேன். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் நாடகத்தில் பெரிய வேடம் ஒன்று இருக்கிறது. நீ வந்து செய். இந்தத் தடவை யாருக்காகவும் மாற்ற மாட்டேன். கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

காப்ரியல்

*

கெர்லிங்
8.3.1986

காப்ரியலுக்கு,

உன் வேடம் எனக்கு வேண்டாம். அது கூலி, வாயை மூடக் கொடுக்கிற கூலி.

நீ செய்ய வேண்டியது மூன்று. பத்திரிகைக்கு எழுது. பாக் ஹசானை நேரில் போய்ப் பார். தோட்டத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் நின்று சொல். நீ வராவிட்டால் நான் சொல்வேன். நான் சொன்னால் பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள், தெரிந்தும் சொல்வேன்.

அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது உன் வேலை.

அமராவதி

*

கோலாலம்பூர்
23.3.1986

அமராவதி,

பத்திரிகைக்கு எழுதினேன். போடவில்லை. நேரில் போனேன். அங்கே உதவி ஆசிரியர் சிவானந்தம் என்று ஒருவர், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, நம்மாளுங்களுக்கு எடம் குடுக்க மாட்டேங்கறாங்கன்னு எத்தன வருஷமா எழுதுறோம். இதப் போட்டா, பாருங்க, தள்ளினது அவங்க ஆளேதான்னு நம்ம வாய அடைச்சிடுவாங்க." உண்மையைச் சொன்னால் அது நம் ஆட்களுக்கே கெடுதல் ஆகிவிடுகிற மாதிரி நான் பொய் சொல்லி வைத்திருக்கிறேன். என் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

என்சிக் ஜாலிலிடமும் சொல்லிவிட்டேன், அப்பா வேலை முதற்கொண்டு. முழுக்கக் கேட்டார். கடைசியில், "நீ தமிழன்னு ஒன் பேச்ச நம்பினேன், அது என் தப்பு. அவளையே கேட்டிருக்கணும்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பாக் ஹசானைக் கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கருவாட்டின் மேல் ஈ ஓட்டிக்கொண்டே கேட்டார். ஒன்றுதான் திருப்பிக் கேட்டார்: "அன்னிக்கே நீ சொல்லியிருந்தா, அந்தக் கல்லு வந்திருக்குமா?" வந்திருக்காது என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு நிறுக்கப் போனார்.

ஈஸ்டர் ஞாயிறு அன்று தோட்டத்துக்கு வருகிறேன்.

காப்ரியல்

*

கெர்லிங்
6.4.1986

காப்ரியலுக்கு,

சொன்னபடி வந்தாய். சமூக மண்டபத்தில் எல்லார் முன்னாலும் நின்று சொன்னாய், கிராணி கதையையும் மறைக்கவில்லை. அது வரைக்கும் சரி. பேசி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு பின் வாசல் வழியாகப் போய்க் கலும்பாங் பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். அதற்குப் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

உன்னை யாரும் நம்பவில்லை. மண்டோர் அழகேசன் எழுந்து, "பாவம், கம்பெனிக்காரங்க வேலைய காட்டி மெரட்டி இப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றார். கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. கல் எறிந்த பையன்கள் உனக்காக அழாத குறைதான். நான் எழுந்து, அவன் சொல்வது உண்மை, என் காதால் கேட்டேன் என்றேன். என்னையும் மிரட்டிவிட்டார்கள் என்கிறார்கள். இப்போது தோட்டத்தில் உனக்கு முன்னைவிட மரியாதை அதிகம். செல்லன் மட்டும் அவர்களோடு சேராமல் வீட்டுக்கு வந்தார். நீ எழுதிய கடிதத்தைக் கூட்டம் கூட்டிப் படித்துக் காட்டியவர் அவர்தானே. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. போன வெள்ளிக்கிழமை பாக் ஹசானைப் பார்க்க என்னோடு கோலா சிலாங்கூருக்கு வந்தார். இந்தத் தடவை நான் உண்மையைச் சொன்னேன்.

உன்னை நம்பிய ஒரே ஆள் உன் அம்மா. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நீ பார்த்திருக்க மாட்டாய். கூட்டம் கலைந்ததும் என்னோடு நடந்து வந்தார்கள். வீடு வந்து சேர்ந்தோம். அப்பாவைக் கிராணி என்று சொன்னதற்குக் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டார்கள். தன் கருத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்:

"ஆறு வருஷமா, ஒரு நாளாவது கோலாலம்பூருக்கு வாம்மான்னு அவன் என்னைக் கூப்பிட்டதே இல்ல. பஸ்ஸு ஒத்துக்காதுன்னு சொல்லுவான். அன்னிக்கி அந்த எடத்துல நான் நின்னிருந்தாலும், வேணாம்னுதான் சொல்லியிருப்பான், இல்ல அமரா?"

இல்லை அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். பிறகு போய் அரிசி களைய ஆரம்பித்தார்கள்.

ஒரு வாரமாக அவர்கள் வெளியே வரவில்லை. இந்த ஞாயிறு சர்ச்சுக்கும் போகவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. நீ வந்து சொல்.

அமராவதி